செவலையின் காதில் காற்றடித்தான்

ஆடி 12, திங்கள்.

செவலையின் காதில் அழுக்கு சேர்ந்திருந்தது. நாளைக்குத் துடைக்கிறேன் என்று நேற்றே சொன்னேன். மகன் பொறுக்கவில்லை. காலையில் நாயைப் பட்டறைக்கு இழுத்துப்போய், லாரி ஃபில்ட்டருக்குக் காற்றடிக்கும் குழாயை அதன் காதில் வைத்து அழுத்திவிட்டான். அது அலறியது வீடுவரை கேட்டது. ஓடிப்போனேன்.

"ஃபில்ட்டர் தூசியே பறக்குதுங்கம்மா, நாய்க் காது எம்மாத்திரம்?" என்று சிரித்தான்.

"உன்ற காதுல மொதல்ல அடிச்சுப் பாருடா" என்றேன்.

ஆறு வருடமாக நான்தான் துடைக்கிறேன். மருந்தை விட்டு, காதின் அடிப்பக்கத்தைத் தேய்த்து, அது தலையை உதறிய பிறகு, விரலில் பஞ்சைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தை மட்டும் துடைப்பேன். குச்சிகூட விட்டதில்லை. யாரும் சொல்லித்தரவில்லை. அதன் முகத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

மாலையில் டாக்டரிடம் நானே கொண்டுபோனேன். செவிப்பறை கிழிந்துவிட்டதாம். ஆறும்வரை அந்த மருந்தும் விடக்கூடாதாம். அந்தப் பக்கம் இனிக் கேட்குமா என்றேன். அவர் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து தலையைத் தடவப் போனேன். எனக்கே பல்லைக் காட்டியது.

சாப்பிடும்போது, "தெரியாமப் பண்ணிட்டனுங்கம்மா, மன்னிச்சுக்கோங்க" என்றான். என்னிடம் எதற்கு? அந்தக் காதில் போய்ச் சொல்லட்டும்.