கலியாணத்துக்குப் போகாத மாமியும் இருபத்திமூன்று மீன்களும்

ஜனவரி 20, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே 31 பாகை வெப்பம். வடக்குக் காற்று. பாலைவனத்துச் சூடு முழுவதும் நேரே கிரான்பர்னுக்கு வந்து இறங்குகிறது. முட்டை மூன்று. மீன் தொட்டித் தண்ணீர் 24. அமோனியாப் பரிசோதனை மஞ்சள் நிறம், நல்லது. கங்குங் கீரை இரண்டு பிடி வெட்டினேன். வல்லாரை ஓரம் கருகுகிறது.

செய்ய:
– பழச்சாறுப் போத்தல் 12, தண்ணீர் நிரப்பி உறையப் போட (தொட்டியைக் குளிர்த்த)
– காற்று ஊதிக்குப் புது பற்றரி
– கோழிக் கூட்டுக்குப் பழைய பருத்திச் சேலைகள்
– வத்தகப்பழம் ஒன்று (கோழிகளுக்கு, இவருக்கு இல்லை)

வானிலை: சனி 41, ஞாயிறு 44, திங்கள் 42. ஞாயிறு சிட்னியில் நிரோஜாவின் கலியாணம். நிரோ இவருடைய அக்காவின் மகள். இவர் தாய்மாமன், நான் மாமி. அறுகரிசி போட்டு வாழ்த்த முதல் சோடியாக மேடை ஏற வேண்டியவர்கள் நாங்கள்.

போகமாட்டேன். எழுதிவிட்டால் மனம் மாறாது என்று எழுதுகிறேன். போகமாட்டேன்.

ஜனவரி 21, புதன்

இவரிடம் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையை வைத்த சத்தத்தில் கூட்டில் கறுப்பி, புள்ளி எல்லாக் கோழிகளும் கொக்கரிக்கத் தொடங்கிவிட்டன.

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? நான் தனிய மேடையில ஏறுறதோ? மனுசி எங்க எண்டு கேட்டால் மீனுக்குக் காவல் எண்டு சொல்லுறதோ?"

"ஓம். அப்பிடியே சொல்லுங்கோ."

போன வருடத்தை இவர் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. இதே மாதம் சிட்னிப் பக்கம் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கும் யாரோ ஒருவரின் புதுவீடு குடிபூரலுக்கும் என்று மூன்று நாள் போனோம். வீட்டுத் திறப்பை அடுத்த தெருப் பரமேஸ் அக்காவிடம் கொடுத்தேன். ஒரு நாளைக்கு ஒரு பிடி தீனி, அவ்வளவுதான் என்று சொன்னேன். அக்கா கோயில் கேணி மீனுக்குப் பொரி போடுவதுபோல, புண்ணியத்துக்கு என்று ஒரு பை பொரி முழுவதையும் கொட்டிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் பம்பின் வாய் கஞ்சியாக அடைத்திருந்தது. தண்ணீரில் முட்டை அழுகிய நாற்றம். பதினெட்டு மீன்கள் வயிறு மேலே.

"பிள்ளை, உன்ர மீனுக்கு வஞ்சகமில்லாமல் போட்டனான்" என்று அக்கா சொன்னார். வெக்கையில் செத்துவிட்டன என்று அக்காவிடம் சொல்லிவைத்தேன்.

அன்று மச்சாள், நிரோவின் அம்மா, போனில், "மீன் சொதி வைச்சிருக்கலாமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இன்னும் என்மேல் எனக்குக் கோபம்.

இந்த முறை இருபத்திமூன்று சில்வர் பேர்ச் மீன்கள். இவையும் செத்தால் தொட்டியை எடுத்துவிடுவேன், அந்த இடத்தில் இவர் கார்க் கொட்டகை போடலாம், இனி மீன் என்ற பேச்சே எடுக்கமாட்டேன் என்று இவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே இது விளையாட்டு இல்லை.

ஜனவரி 22, வியாழன்

38. முட்டை இரண்டு.

மச்சாள் போன் எடுத்தார். "வசந்தி, ஊரில இருக்கிற எல்லார் வீட்டுக்கும் போய் மரக்கறி வெட்டினனீர். எங்கட வீட்டுக்கு மட்டும் வர ஏலாதோ?"

"முப்பது வருசம் வெட்டினனான் மச்சாள். அதுதான் இந்த ஒருக்கால் வெட்டாமல் நிக்கப்போறன்."

போனை வைத்த பிறகும் மறுமொழி தேடிக்கொண்டிருந்தேன். பார்சல் பிரிக்கும் இடத்தில் இருபத்தாறு வருடம் வேலைக்கு நின்றவள், ஒரு மச்சாளுக்குப் பயப்படுகிறேன்! கோழிக்கூடு கழுவினேன். சரியாகிவிட்டது.

ஜனவரி 23, வெள்ளி

விரதம். இவருடைய வேட்டியை மடித்து, சீனி வருத்தக் குளிசைகளை நாள்வாரியாகப் பிரித்துப் பெட்டியில் வைத்தேன். "போட்டு வாறன்" என்று சிட்னிக்குப் புறப்பட்டார், கதவைப் பார்த்து. எனக்குச் சொன்னாரா கதவுக்குச் சொன்னாரா தெரியாது.

வீடு அமைதி. பம்பின் சத்தம் குசினி வரை கேட்கிறது. நல்ல சத்தம்.

ஜனவரி 24, சனி

41. முட்டை ஒன்று. மீனுக்கு இன்று தீனி இல்லை. சூடான தண்ணீரில் காற்று நிற்காது, வயிறு நிரம்பிய மீன் முதலில் சாகும்.

கோழிகள் வாயைத் திறந்து, செட்டையை உடம்பில் படாமல் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. சேலைகளை நனைத்துக் கூட்டைச் சுற்றிக் கட்டினேன். தட்டில் தண்ணீர், கால் நனைக்க. வத்தகப்பழத்தை உறையவைத்து வெட்டிப் போட்டேன். மகாராணி மட்டும் தொடவில்லை. வயசான கோழி, அதற்கு எப்போதும் தனி எடுப்பு.

தண்ணீர் 28. தொட்டியில் ஐஸ் போத்தல் மாற்றியது நான்கு தரம்.

ஜனவரி 25, ஞாயிறு

வெயில் இறங்கிய பிறகு, நாற்காலியில் இருந்தபடி எழுதுகிறேன். கை தூக்க முடியவில்லை. எழுத்து கோணல்.

காலை 10.40. போனைத் தீனித் தகரத்தில் சாத்திவைத்துக் கலியாணம் பார்த்தேன், நேரடி ஒளிபரப்பு. நிரோ வடிவு. தாலி கட்டியாயிற்று. அறுகரிசிக்கு இவர் தனியாக ஏறினார். வலது பக்கத்தில் என் அளவுக்கு இடம் விட்டு நின்றார், அது பழக்கத்தில். அழுதேன். அழுதுகொண்டே போத்தல் மாற்றினேன். போயிருக்க வேண்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடம்தான்.

12.50. பம்ப் நின்றது. தெரு முழுவதும் கரண்ட் இல்லை. 44.

பற்றரிக் காற்று ஊதி இரண்டையும் போட்டேன். தண்ணீர் 30. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடின. இரண்டு குமிழி ஊதி இருபத்திமூன்று மீன்களுக்குக் காணாது. வாளியால் தண்ணீரை அள்ளி உயரத்தில் இருந்து ஊற்றத் தொடங்கினேன். விழும் தண்ணீரோடு கொஞ்சம் காற்றும் போகும். அள்ளு, ஊற்று. குழாய்த் தண்ணீர் விட முடியாது, குளோரீன்.

1.45. பரமேஸ் அக்கா பின்வாசலால் வந்தார். கையில் பை. "பிள்ளை, கரண்டும் இல்லை. மீன் பாவம் பசியில வாயைத் துறக்குது. பொரி கொண்டந்தனான்."

அக்காவின் கையைப் பிடித்துவிட்டேன். கொஞ்சம் இறுக்கி.

"அக்கா, பசி இல்லை, அதுகளுக்கு மூச்சுக்குக் காத்துக் காணாது. போன வருசமும் உங்கட பொரியாலதான் செத்தது."

அக்காவின் முகம் சுருங்கிப்போயிற்று. "ஒரு வருசமா ஏன் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எழுபத்திரண்டு வயது மனுசி. வாளியை வைத்துவிட்டுப் பின்னால் ஓடவும் முடியவில்லை. அள்ளு, ஊற்று.

2.30. கடைக்கு இழுத்துக்கொண்டு போகும் வண்டிலோடு திரும்பி வந்தார், அந்த வெயிலில்! தன் ஃப்ரீசரையே வெறுமையாக்கிக் கொண்டு வந்திருந்தார். துருவி உறையவைத்த தேங்காய்ப்பூ எட்டுப் பைக்கற், பிட்டு ஐந்து, முருங்கைக்காய், பேர் எழுதாத ஏதோ ஒரு டப்பா. "கரண்ட் இல்லாட்டி எப்பிடியும் உருகத்தானே போகுது." எல்லாவற்றையும் பைக்கற்றோடு தொட்டியில் மிதக்கவிட்டோம். பிறகு வாளியை என்னிடமிருந்து பறித்தார். மாறி மாறி அள்ளினோம்.

மூன்று மணிக்கு மகாராணி செத்தது. தண்ணீர்த் தட்டுக்குப் பக்கத்தில், சாய்ந்தபடி. நான் வாளியோடு நின்றதால் பார்க்கவில்லை. கூட்டுக்கு ஒருக்கால் போயிருந்தால், என்று இப்போது நினைக்கிறேன்.

6.20. கரண்ட் வந்தது. பம்ப் ஒருமுறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. அக்கா தொட்டி விளிம்பைத் தொட்டுக் கும்பிட்டார். நானும்.

ஜனவரி 26, திங்கள்

42. பின்னேரம் தெற்குக் காற்று திரும்பி ஒரு மணித்தியாலத்தில் 23. முட்டை இல்லை. மீன் எண்ணினேன், மூன்று தரம். 23, 22, 23. இருபத்திமூன்றுதான். ஒன்று குழாய்க்குப் பின்னால் ஒளித்திருந்தது.

மகாராணியை எலுமிச்சைக்குக் கீழே புதைத்தேன். அக்காவுக்குப் புதுத் தேங்காய்ப்பூ, பிட்டு மா வாங்க.

ஜனவரி 27, செவ்வாய்

இவர் வந்தார். பெட்டியை வைத்துவிட்டு நேரே பின்வளவுக்குப் போய்த் தொட்டியை எட்டிப் பார்த்தார். விரல் நீட்டி எண்ணினார். கார்க் கொட்டகைப் பேச்சை எடுக்கவில்லை.

சாப்பிடும்போது: "எல்லாரும் உம்மட சுகம் விசாரிச்சவை. கடுங்காய்ச்சல், எழும்ப ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன்?"

"உம்மட மானத்தைக் காப்பாத்தத்தான்."

"என்ர மானமோ, உங்கட மானமோ?"

இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டுக்கொண்டார். அக்காவும் நானும் ஐந்தரை மணித்தியாலம் வாளி அள்ளினோம். அதைக் காய்ச்சல் ஆக்கிவிட்டார்! சோற்றுக் கையைக் கழுவிவிட்டு மச்சாளுக்குப் போன் எடுத்தேன்.

"மச்சாள், எனக்குக் காய்ச்சல் வரேல்லை. மீனுக்காக நிண்டனான்."

 பின்னால் நிரோவின் குரல்: "அம்மா, இஸ் தட் மாமி? இஸ் ஷீ ஓகே?"

மச்சாள்: "மீன் எல்லாம் உயிரோட இருக்குதோ?"

"ஓம். இருபத்திமூண்டும்."

"நல்லது. பொம்பிளை மாப்பிளை சனிக்கிழமை உங்கட வீட்டை விருந்துக்கு வருகினம். அதில கறி வையும். எங்கட கலியாணத்தை விடப் பெரிய மீன் என்ன ருசி எண்டு பிள்ளையள் சொல்லட்டும்."

நான் இழுப்பேன், கெஞ்சுவேன் என்று நினைத்திருப்பார். மீன் வளர்க்கிறவள் மீனைக் கொஞ்சிக்கொண்டிருப்பாள் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. வெக்கையில் மூச்சு முட்டிச் சாக விடமாட்டேன் என்றுதான் நின்றேன். சாப்பிடமாட்டேன் என்று எங்கே சொன்னேன்?

"ஓம் மச்சாள். வைக்கிறன்" என்றேன்.

ஜனவரி 30, வெள்ளி

26. மெல்லிய காற்று. முட்டை மூன்று, கோழிகள் என்னை மன்னித்துவிட்டன போல. விரதம்.

நாளை: மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கங்குங் வறை, முட்டைப் பொரியல். பரமேஸ் அக்காவையும் சாப்பிட வரச் சொன்னேன். கையில் ஒன்றும் கொண்டு வரவேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன். சிரித்தார்.

இவர் பின்னேரம் வந்து பக்கத்தில் நின்றார். "விடுமன். விடியக் கடையில மீன் வாங்கியந்து தாறன். என்ர அக்காவுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்."

"வலையைத் தாரும், நான் பிடிக்கிறன்."

"வேண்டாம். நான்தான் பிடிப்பன்."

பெரியவை இரண்டு. எவை என்று பார்த்துவைத்துவிட்டேன். வலை கழுவியாயிற்று. ஐஸ் இருக்கிறது. கத்தி தீட்ட. புளி ஊறப் போட. காலை ஆறு மணி, வெயில் ஏற முன்.

பிடிப்பதற்கு முதல் நாள் பட்டினி போட வேண்டும், குடல் சுத்தமாக இருக்க. இன்று காலை தீனித் தகரத்தை எடுக்காமல்தான் போனேன். என் நிழலைக் கண்டதும் இருபத்திமூன்றும் மேலே வந்து வாயைத் திறந்தன. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவை திரும்பிப் போகும் வரை நின்றேன்.