வியாழக்கிழமை டிக்கெட்

பஃபலோ,
மார்ச் மாதம், பனி இன்னும் போகவில்லை

அன்பு மகள் பெர்னடெட்டுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது, சியாட்டலில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனிலேயே பேசலாமே என்பாய். நான் இரண்டு ஜோக் சொல்லி விஷயத்துக்கு வருவதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், காகிதத்தை அப்படிப் பிடுங்க முடியாது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள், நான் பள்ளிக்கூடம் முடித்ததே வாத்தியார்களுக்கு என்னைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனதால்தான்.

ஞாயிற்றுக்கிழமை நீ அழுதது எனக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய கன்சல்டிங் கம்பெனி திரும்பக் கூப்பிடுகிறது, மாதம் முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும், போயிடவாப்பா என்று கேட்டாய். பிசினஸ் ஸ்கூல் முடித்ததும் கூடப் படித்தவர்கள் அவரவர் பழைய கம்பெனிக்கே போக, நான் மட்டும் சாஃப்ட்வேருக்கு வந்து மாட்டிக்கிட்டேனோ என்றாய். ஆஸ்பத்திரி நோயாளிகளுக்காக போன் ஆப்பில் நீ பாடுபட்டுப் போட்ட அந்தப் பட்டனை யாருமே அமுக்கவில்லை, கூட்டத்தில் உன்னைவிடச் சின்னவன் ஒருவன், இது யாருக்கு வேணும்னு நெனச்சீங்க என்று கேட்டுவிட்டான். நான் அமுக்கினேன் அம்மா. உன் அம்மாவையும் அமுக்கவைத்தேன். நாங்கள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களே இல்லை என்பதால் அது பாட்டுக்குச் சும்மா இருந்தது, ஆனால் அமுக்க நன்றாக இருந்தது. அதையெல்லாம் விடு, கடைசியில் ஒன்று சொன்னாயே, அங்கே போனா மறுபடியும் வியாழக்கிழமை வீட்டுக்கு வரலாம்ப்பா என்று, அதை இந்த வாரம் முழுக்க மிட்டாய் மாதிரி வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறேன்.

என்ன வியாழக்கிழமைகள் அவை. திங்கள் காலை ஏதோ ஒரு ஊருக்குப் பறப்பாய், வியாழன் சாயங்காலம் கம்பெனி செலவில் நீ அப்போது குடியிருந்த சிகாகோ வீட்டுக்குத் திரும்ப டிக்கெட், அதே விலைக்குள் வேறு ஊருக்குப் போனாலும் கம்பெனி கண்டுகொள்ளாது. மற்ற பிள்ளைகள் கடற்கரைக்குப் போவார்கள், நீ மாதத்துக்கு ஒருமுறையாவது எங்களிடம் வருவாய். உன் அம்மா மத்தியானமே பியரோகிக்கு மாவு பிசைந்து உருளைக்கிழங்கு வைத்து மடிக்க ஆரம்பித்துவிடுவாள். நான் ஏர்போர்ட்டில் பெரிய மனிதர்களின் டிரைவர்கள் நடுவில் போய் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு வாரம் அதில் ‘உருளைக்கிழங்கு மகாராணி’, ஒரு வாரம் ‘துணை ஜனாதிபதி (தற்காலிகம்)’. கருப்புக் கோட்டும் சக்கரப் பெட்டியுமாக வரும் நீ, அப்பா, மானத்த வாங்காதீங்க, அதக் கீழ இறக்குங்க என்று பல்லைக் கடிப்பாய், ஆனால் தூரத்திலிருந்தே கண்ணால் அட்டையைத்தான் தேடுவாய், எனக்குத் தெரியாதா. சர்ச்சுக்கு வரும் என் சிநேகிதன் ஜிக்மன்ட், உன் மக என்னதான்டா வேலை பாக்குறா என்றான். கம்பெனிகளுக்கு என்ன செய்யணும்னு சொல்றா என்றேன். அத என் பொண்டாட்டி சம்பளமில்லாமலே செய்றாளேடா என்றான். இப்போது நீ சாஃப்ட்வேர் என்று சொன்னால் மரியாதையாகத் தலையை ஆட்டுகிறான், அவனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை, நிம்மதியாக இருக்கிறது.

ஆனால் பெர்னி, இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. நீ பிசினஸ் ஸ்கூலுக்குக் கிளம்பியபோது சிகாகோ வீட்டைக் காலி செய்ய நான் வண்டி எடுத்துக்கொண்டு வந்தேனே. ஃப்ரிட்ஜில் ஒரு கடுகு சாஸ் பாட்டில், குளியலறை நிறைய ஹோட்டல் சோப்பு, வேறு ஒன்றும் இல்லை. எதிர்வீட்டில் யார் என்றேன், தெரியலப்பா, நான் இங்க இருந்தாத்தானே என்றாய். நாற்பது வருஷம் இந்த ஊரில் பனி வாரும் வண்டி ஓட்டித் தெருத் தெருவாகக் காலி செய்தவன் நான், சாமான் இல்லாத வீட்டைக் காலி செய்தது அதுதான் முதல் தடவை. போன ஞாயிறு நீ அழுதுகொண்டிருந்தபோது உன் கதவை யாரோ தட்டினார்கள். இருப்பா, பக்கத்து வீட்டம்மா பாத்திரத்தத் திருப்பிக் குடுக்க வந்திருக்காங்க என்று போனாய். அந்த அம்மாள் பாத்திரத்துக்குள் எலுமிச்சை கேக் வைத்திருப்பதாகச் சொன்னதும், அழுத மூக்கோடு நீ சிரித்ததும் எனக்குக் கேட்டது. சிகாகோவில் நீ இருந்த அத்தனை வருஷத்தில் உன் கதவை யாரும் தட்டி நான் கேட்டதில்லை.

அதனால் எங்களுக்காக அந்தப் பழைய கம்பெனிக்குப் போகாதே. என் பேச்சைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன், ஏனென்றால் எனக்கு அந்த வியாழக்கிழமைமேல் ஆசை, ஆசைப்படுகிறவன் யோசனை சொல்லக் கூடாது. எழுத எழுத மனசு வேறு மாதிரி ஆகிவிட்டது, யோசனையைச் சொல்லியே விடுகிறேன். பட்டன் இன்னொன்று போடலாம், அந்தப் பையனையே கூட வைத்துக்கொண்டு போடு. அப்படியும் உனக்கே அந்த வேலைதான் வேண்டும் என்றால் போ, ஆனால் வியாழக்கிழமையைச் சாக்காகச் சொல்லாதே, அதற்கு நான் வேறு ஆளைப் பிடித்துவிட்டேன், எங்களையேதான். ஈஸ்டருக்கு அடுத்த வியாழன் நாங்கள் இரண்டு பேரும் சியாட்டலுக்கு வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. அத்தனை வருஷம் ஏர்போர்ட்டுக்குப் போய்வந்தவன் இன்றுவரை விமானத்தில் ஏறியதில்லை. உள்ள போயி டிரைவர் சீட்டு எதுன்னு கேட்டுறாதீங்க என்கிறாள் உன் அம்மா.

கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருப்பார், நாங்கள் தினமும் கேட்டுக்கொள்கிறோம். அந்த அம்மாளின் பாத்திரம் ஏதாவது உன்னிடம் இருந்தால் வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்காதே. அப்புறம், ஏர்போர்ட்டுக்குச் சீக்கிரமே வந்து டிரைவர்களோடு முன்வரிசையில் நில். அட்டையில் என்ன பெயர் எழுதுவது என்பதை உன்னிடமே விடுகிறேன்.

உன் அன்பு அப்பா,
யூஜின் மாசுரெக்