நீங்கள் வாசலைப் பார்த்த பார்வை

தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனால் பழைய புத்தகக் கடையில் நிற்காமல் வரமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். நேற்றும் நின்றேன். தார்ப்பாய்மேல் குவித்திருந்த மாத நாவல்களில் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். அந்த மட்டக் காகித வாசனை மூக்கில் ஏறியது. அட்டையில் ஒரு இன்ஸ்பெக்டர். கறுப்புக் கண்ணாடி, கையில் துப்பாக்கி, பின்னால் மெட்ராஸின் உயரமான கட்டடங்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. "இன்னாம்மா, படிக்கறதுக்கு முந்தியே அழுவறே?" என்றார் கடைக்காரர்.

நீங்களும் மெட்ராஸ் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர்தான். ஆனால் உங்களை யார் அட்டையில் போடுவார்கள்? சானடோரியம் ஸ்டேஷனில் மின்சார ரயிலைப் பிடித்து, தயிர்சாத டப்பாவோடு கன்ட்ரோல் ரூமுக்குப் போய், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க வயர்லெஸ்ஸில் "ஓவர், ஓவர்" என்று பேசிவிட்டு, முதுகெல்லாம் வேர்க்குருவோடு வீடு திரும்புவீர்கள். கதையில் வரும் இன்ஸ்பெக்டருக்கு வேர்க்குருவே வராது. ஓடுகிற ஜீப்பிலிருந்து குதிப்பார். "நீங்க எப்பங்க குதிப்பீங்க?" என்று கேலி செய்வேன். "ட்ரெயின் நின்னப்புறம்" என்பீர்கள்.

எனக்குத் தெரிந்த இந்த மனிதரைச் சிட்லபாக்கத்தில் நம் தெருவுக்குத் தெரியாது. எண்பதுகளில் ஒரே மாத நாவல்தான் தெரு முழுக்கச் சுற்றும். முதலில் எதிர்வீட்டு ராமநாதன் சார் படிப்பார், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கைமாறிக் கைமாறிக் கடைசியில் என்னிடம் வரும்போது அட்டை இருக்காது. அதைப் படித்தவர்கள் எல்லோரும் சைக்கிளில் போகும் உங்களைப் பார்த்து ஒரு மாதிரி விறைப்பாக வணக்கம் வைப்பார்கள். உங்களுக்கு அது கூச்சம். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அப்போதுதான் ராமநாதன் சார் மருமகளின் இரட்டைவடச் சங்கிலி காணாமல் போனது.

"ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட் குடுங்க சார்" என்றீர்கள்.

"ஸ்டேஷனா? குடும்ப மானம் என்ன ஆறது? நீங்க இருக்கறப்போ ஸ்டேஷன் எதுக்கு?" என்றார் அவர். "நீங்க ஒண்ணும் விசாரிக்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை எல்லாரையும் ஹால்ல உக்கார வைக்கிறேன். யூனிஃபார்ம்ல வந்து ஒவ்வொருத்தரையா ஒரு பார்வை பாருங்க, போதும். எடுத்த மூஞ்சி தானா வெளுத்துடும்."

மாத நாவலின் கடைசி அத்தியாயம் அப்படியேதான் இருக்கும். எல்லோரையும் கூடத்தில் கூட்டி, இன்ஸ்பெக்டர் பார்வையாலேயே துளைத்து, திருடனைச் சுட்டிக்காட்டுவார். நீங்கள் எவ்வளவோ தட்டிக்கழித்துப் பார்த்தீர்கள். மனிதர் விடவில்லை. "போகலைன்னா திமிர்னுவாங்க. போனா நான் என்னத்தைப் பாக்கறது?" என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டீர்கள். தொப்பியைத் துடைத்துக் கையில் கொடுத்தேன்.

ஹாலில் மூச்சுவிட இடமில்லை. நடுவில் உங்களுக்கு மட்டும் ஒரு நாற்காலி. அந்தத் தெருவில் நான்கு வீடுகளுக்கும் நம் வீட்டுக்கும் பாத்திரம் தேய்த்த கன்னியம்மாவையும் வரவழைத்திருந்தார்கள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். சாயங்காலம் டிவியில் படம் போடுவதற்குள் திருடன் அகப்பட்டுவிட வேண்டும் என்று தெருவுக்கே அவசரம்.

நீங்கள் யாரைப் பார்த்தாலும் எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. கோடி வீட்டுப் பையனைப் பார்த்தீர்கள், அவன் அம்மா வெலவெலத்துப் போனாள். சட்டென்று மின்விசிறியைப் பார்த்தீர்கள். பிறகு காலண்டர், பிறகு உங்கள் ஷூ. கழுத்துப்பட்டையெல்லாம் வேர்வை. எழுந்து ஓடவும் வழியில்லாமல், உட்காரவும் முடியாமல் தவித்தீர்கள். கடைசியில், எப்போது வெளியே போவோம் என்று வாசலைப் பார்த்தீர்கள்.

வாசலில் கன்னியம்மா நின்றாள்.

"பாத்துட்டார்!" என்றது ஒரு குரல். ஹாலே அவள் பக்கம் திரும்பியது.

"ஐயோ சார், நான் எடுக்கல சார்! என் புள்ளைங்க மேல சத்தியமா எடுக்கல!" என்று கன்னியம்மா அலறினாள்.

நீங்கள் எழுந்துவிட்டீர்கள். "நான் வாசலைத்தான் பாத்தேன். யார் எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. என் சர்வீஸ்ல நான் ஒரு திருடனைக்கூடப் பிடிச்சதில்ல. வயர்லெஸ்ல பேசறது மட்டும்தான் என் வேலை."

ராமநாதன் சார் புன்னகை செய்தார். "போலீஸ்காரங்க முதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் மற்றவர்களிடம். கதையிலும் அப்படித்தானே? நீங்கள் உண்மையைச் சொன்னாலும் அது இன்ஸ்பெக்டர் தந்திரமாகிவிட்டது. இரண்டு பெண்கள் கன்னியம்மாவின் மடியைச் சோதிக்க எழுந்தார்கள்.

அப்போது என் பக்கம் கையை நீட்டினீர்கள். "சாவியைக் குடு."

இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கூட்டத்தை விலக்கிப் போய் அதைக் கன்னியம்மாவின் கையில் வைத்தீர்கள். "போய் நம்ம வீட்டைத் திறம்மா. பீரோ சாவியும் அதுலதான் இருக்கு. நாங்க பின்னாடியே வரோம்."

எழுந்த பெண்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். அவள் அழுதுகொண்டே படியிறங்கிப் போனாள்.

சங்கிலி கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த நான்கு வீடுகளும் கன்னியம்மாவை நிறுத்திவிட்டன. "போலீசுக்கும் பங்கு இருக்கும்" என்ற பேச்சு என் காதிலேயே விழுந்தது. வணக்கமும் நின்றது, மாத நாவலும் நம் வீட்டுக்கு வருவது நின்றது. பாடுபட்டுக் கட்டிய சொந்த வீடு, எங்கே போவது? அதே தெரு, அதே முகங்கள். வருஷக்கணக்கில் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிள் மிதித்தீர்கள்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீங்களாகவே சொன்னீர்கள்: "ஒருவேளை அவதான் எடுத்திருப்பாளோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் எதுக்குச் சாவியைக் குடுத்தீங்க?"

"எடுத்தாளான்னு எனக்குத் தெரியாதே. தெரியாம பாத்துட்டேன். அந்தப் பார்வையாலே அவ மாட்டிக்கிட்டா, நான்தானே விடுவிக்கணும்?" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டீர்கள்.

தொண்ணூறுகளில் நீங்கள் கண்ணை மூடியபோது தெருவில் பாதிப்பேர் வாசலோடு நின்றுகொண்டார்கள். கன்னியம்மா வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள், அன்றுபோலவே. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். "எடுத்தியாடி?" என்று கேட்டுவிட எனக்கு நாக்குவரை வந்தது. நாம் இருவரும் பட்ட பாட்டுக்கு அதைத் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு என்றுகூடத் தோன்றியது. கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உங்கள் காலடியில் உட்கார வைத்தேன்.

இப்போதும் கன்னியம்மா வருகிறாள். முட்டி வலி, பாத்திரமெல்லாம் தேய்ப்பதில்லை. நான் நம் மகன் வீட்டுக்குப் போகும்போது அவளைத்தான் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். அவள் எடுத்தாளா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் ஒவ்வொரு தடவையும் சாவியைக் கொடுக்கிறேன்.