எனக்கே கேட்காத பாட்டு

ஜூலை 8, செவ்வாய்

விழித்ததும் தொண்டையைச் செருமப் போனேன். சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். இன்று முதலில் செய்தது அதுதான். செருமக் கூடாது. ரகசியம் பேசுவதுபோலக்கூடப் பேசக் கூடாது. "கிசுகிசுன்னு பேசறது கத்தறதைவிட மோசம்மா" என்கிறார் டாக்டர்.

பகலெல்லாம் வேதியியல் வகுப்பில் கத்திவிட்டு, மாலையில் அதே தொண்டையோடு பிரார்த்தனைக் கூடத்தில் பாடிப் பாடி, குரல்நாணில் ஒரு முடிச்சு. மிளகு அளவுகூட இல்லையாம். ஒரு மாதம் வாய் திறக்காமல் இருந்தால் கரையலாம். கரையாவிட்டால் கத்தி. அதற்குப் பிறகு பேச்சு வரும். பாட்டு வருமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

பேச்சு போனால் போகட்டும். பாட்டு?

"கல்யாணமாகி இன்னிக்குத்தான் நான் ஆரம்பிச்ச வாக்கியத்தை நானே முடிச்சிருக்கேன்" என்றார் கணவர். சிரிக்கவும் கூடாது. தலையணையை எடுத்து வீசினேன்.

ஜூலை 10, வியாழன்

தம்பி வீடு. மலையடிவாரத்தில், மின் நிலையக் குடியிருப்பு. அவன் அங்கே பொறியாளர். இங்கே என்னைத் தெரிந்தவர்கள் இல்லை, யாரும் பேச்சுக்கு இழுக்க மாட்டார்கள் என்று கணவர் செய்த ஏற்பாடு. ஆனால் தம்பி மனைவியை அவர் மறந்துவிட்டார்.

கழுத்தில் ஒரு சிலேட்டு மாட்டிக்கொண்டு திரிகிறேன். "வீட்டுப் பாடம் முடிச்சிட்டியாக்கா?" என்கிறான் தம்பி.

ஜூலை 13, ஞாயிறு

கூடத்தில் இந்நேரம் பிரார்த்தனை தொடங்கியிருக்கும். நானும் இங்கே கண்ணை மூடி உட்கார்ந்தேன். மனதுக்குள் வழக்கமான பாட்டை எடுத்தேன். மேலே போகும் இடம் வந்ததும் குரலை நீட்டி, கொஞ்சம் நிறுத்தினேன். எதற்கு நிறுத்தினேன்? எல்லோரும் தலை நிமிர்ந்து பார்ப்பதற்கு.

மனதுக்குள்ளுமா!

வேறு விதமாகப் பிரார்த்தனை செய்யலாம் என்று பார்த்தால், தெரியவில்லை.

ஜூலை 17, வியாழன்

பாட்டு வாத்தியார் செய்தி அனுப்பியிருக்கிறார். ஆண்டுப் பிரார்த்தனை அடுத்த மாதம் பதினேழாம் தேதி. 'நீங்க தேறி வந்தா உங்களுக்குத்தான் முதல் பாட்டு. ஆனாலும் ஒரு முன்னேற்பாட்டுக்கு மருந்துக்கடைக்காரர் மகளைப் பாட வச்சுப் பார்க்கிறேன்' என்று எழுதி, அந்தப் பெண் பாடியதையும் கூடவே அனுப்பியிருந்தார்.

நல்லது. யாராவது பாடத்தானே வேண்டும்.

ஜூலை 18, வெள்ளி

திரும்பத் திரும்பக் கேட்டேன். இரண்டு இடத்தில் சுருதி நழுவுகிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைத்து எழுத இது என்ன பரீட்சைத் தாளா? சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

தம்பி மனைவி துணி மடித்தபடியே, "அண்ணி, உங்ககிட்ட சொல்லணும்னு இருந்ததையெல்லாம் இந்த ஒரு மாசத்துல சொல்லிடப் போறேன். நீங்க பதில் பேச முடியாது பாருங்க" என்றாள்.

சிலேட்டைத் தூக்கினேன். பிடுங்கி, மடித்த துணிகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

நான் அவளுக்குத் தைத்துக் கொடுத்த மேல்சட்டையின் கை இறுக்கம். வரும்போதெல்லாம் அவள் சமையலில் நான் உப்புப் பார்ப்பது. இன்னும் என்னென்னவோ. இருவருக்கும் கண்ணில் நீர் வரும் வரை சிரிப்பு; எனக்கு மட்டும் சத்தமில்லாமல். அப்புறம் சொன்னாள்:

"ஆனா உங்க பாட்டு இருக்கே அண்ணி! சத்தியமா சொல்றேன், நீங்க பாடும்போது எனக்குக் கடவுள் ஞாபகமே வராது. உங்களையேதான் பாத்துட்டிருப்பேன். அப்படி ஒரு குரல்."

புகழ்ச்சியாகத்தான் சொன்னாள். வெள்ளை மனசு. அடுத்த துணியை உதறி மடிக்கவும் தொடங்கிவிட்டாள். எனக்குத்தான் சிரிப்பு நின்றுபோனது.

ஜூலை 21, திங்கள்

கடவுள் ஞாபகமே வராது.

ஜூலை 23, புதன்

நேற்று முழுக்க மேலே நல்ல மழை. காலையில் தம்பி வண்டியில் அழைத்துப்போய் அருவிப் பாதையில் இறக்கிவிட்டான். "இதுலேர்ந்து ஒரு கை அள்ளித்தான் குழாய்ல விடறோம். அதுக்கே மூணு ஜில்லாவுக்கு வெளிச்சம்" என்றான். பாறை வழுக்கும், கம்பி வேலியைத் தாண்டாதே என்று எச்சரித்துவிட்டு வேலைக்குப் போனான்.

நடக்க நடக்கச் சத்தம் முதலில் காதில் இருந்தது. பிறகு மார்பில். வேலிக்குப் பக்கத்தில் போனபோது உள்ளங்காலில். அண்ணாந்தால் மேல்விளிம்பு தெரியவில்லை. மேகத்திலிருந்தே கொட்டுவதுபோல இருந்தது. கரிய பாறைச் சுவர் முழுக்க வெள்ளையாய் இடிந்து இடிந்து விழுகிறது. அந்தத் தண்ணீர்ச் சுவரைக் கிழித்துக்கொண்டு சின்னச் சின்னப் பறவைகள் உள்ளே போகின்றன, வருகின்றன. பின்னால் கூடு இருக்கிறதுபோல. அந்த இடிக்கு நடுவில் குஞ்சுகள் தூங்குமா?

பயமாக இருந்தது. ஓடத் தோன்றாத பயம்.

என்னைத் தவிர யாரும் இல்லை. டாக்டர் மன்னிக்கட்டும் — வாயைத் திறந்தேன். என் பாட்டு, அந்த முதல் பாட்டு. முதல் வரியைப் பாடினேன். கேட்கவில்லை. கொஞ்சம் உரக்க. கேட்கவில்லை. தொண்டை அதிர்வது விரலுக்குத் தெரிகிறது, ஆனால் என் குரல் எனக்கே கேட்கவில்லை! இத்தனை வருடத்தில் என்னை நான் கேட்காமல் ஒரு வரிகூடப் பாடியதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. நன்றாக இருக்கிறதா என்று ஒரு காது எப்போதும் என் பக்கமே திரும்பி இருந்திருக்கிறது. அந்தக் காதுக்கு இங்கே வேலையில்லை.

நிறுத்திவிட்டேன். நான் நிறுத்தியதால் அங்கே எதுவும் குறைந்துவிடவில்லை. நான் பிறக்கும் முன்பும் இப்படித்தான் விழுந்திருக்கும். யார் பார்க்கிறார்கள் என்று அதற்குக் கவலையில்லை.

முழங்கால் தானாக மடிந்தது. பாறையின் ஈரமும் சேறும் துணியில் ஏறின. எவ்வளவு நேரம் இருந்தேனோ. எதையும் கேட்கவில்லை, குரலைத் திருப்பிக் கொடு என்றுகூட. கேட்க மறந்தேபோனது. நீ — நீ — என்று மட்டும் உள்ளே ஓடியது. அதற்கு மேல் வார்த்தை இல்லை. இதையும் பிரார்த்தனை என்று சொல்லலாமா? இதுவரை செய்ததை எல்லாம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்லக் கூடாதா?

ஜூலை 24, வியாழன்

தொண்டை எரியவில்லை. தம்பி மனைவி, "நேத்து முழங்கால்ல ஏன் அவ்வளவு சேறு? விழுந்தீங்களா அண்ணி?" என்று கேட்டாள். சிலேட்டில் 'ஆமாம்' என்று எழுதினேன். பொய்யில்லை.

ஆகஸ்ட் 9, சனி

முடிச்சு கரைந்துவிட்டது. டாக்டர் கருவியை எடுத்துவிட்டு, "பேசுங்க பார்ப்போம்" என்றார். "நன்றி டாக்டர்" என்றேன். கொஞ்சம் கரகரப்பு, ஆனால் என் குரல்தான். அடுத்த வாரத்திலிருந்து அளவோடு பாடலாமாம்.

"போச்சு, என் ஆட்சி முடிஞ்சுது" என்றார் கணவர். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்தார் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

பாட்டு வாத்தியார் போன் செய்தார். "முதல் பாட்டு உங்களோடதுதாம்மா. அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன். தங்கமான பொண்ணு, முகம்கூடச் சுளிக்கல."

"சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏன் சரி என்றேன்? நாக்கு முந்திக்கொண்டது. ஆசை இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு மாதம் வாயை மூடினால் கரைவதற்கு அதுவும் மிளகா?

ஆகஸ்ட் 16, சனி

நாளை ஆண்டுப் பிரார்த்தனை. யாரும் இல்லாதபோது சமையலறையில் மெதுவாகப் பாடிப் பார்த்தேன். வருகிறது. மேல் சுருதியும் வருகிறது. நன்றாகவே வருகிறது. வராமல் இருந்திருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

கணவர் காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டே, "எனக்கு எங்க உக்காந்தா உன் முகம் நல்லா தெரியும்?" என்று கேட்டார். "எங்க வேணா உக்காருங்க" என்றேன். "அதென்ன பதில்?" என்றார்.

நாளை எல்லோருக்கும் முன்னால் போய், வாசலிலேயே அந்தப் பெண்ணைப் பிடித்து, "முதல் பாட்டை நீயே எடும்மா" என்று சொல்லப் போகிறேன். வாத்தியார் வந்து கெஞ்ச நேரம் இருக்காது. நான் கடைசி வரிசையில், சுதியே சேராதவர்கள் நிற்கும் இடத்தில் நின்று, அவர்களோடு சேர்ந்து பாடுவேன். அந்தக் கூச்சலில் என் குரல் தனியாகக் கேட்காது.

கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால், "எவ்வளவு பெரிய மனசு உனக்கு" என்பார். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.