சும்மா போட்ட படத்துக்கு ஒரு அக்ரிமெண்ட்

பிஸ்கட் வேகிற வாசனை எல்லோருக்கும் பசியைக் கிளப்பும். எனக்குப் பயத்தைக் கிளப்பும். இன்று கும்மிடிப்பூண்டியில் ரயிலை விட்டு இறங்கியதும் காற்றில் அது வந்தது. உடனே உள்ளங்கை வேர்த்துவிட்டது. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

இங்கே தொழிற்பேட்டை புதிதாக வந்த சமயம். பொன்னேரிப் பள்ளியில் நான் டிராயிங் டீச்சர். என் சிநேகிதி நீ, வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். பிஸ்கட் கம்பெனி மேனேஜர் டப்பாவுக்குப் படம் கேட்டார், இலவசமாக. "உங்க பேரு ஊரெல்லாம் போவும்மா" என்றார். என் தம்பி அந்தக் கம்பெனியில்தான் வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். நான் தலையை ஆட்டிவிட்டேன். பழவேற்காடு ஏரியும் பூநாரைகளுமாக வரைந்து, ஓரக் கோட்டுக்குக் கீழே பெயரை எழுதினேன். பள்ளியில் பிள்ளைகளை அப்படித்தானே எழுதச் சொல்வோம்.

நீ பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாய். "கோட்டுக்கு வெளிய இருக்கறத அச்சுக்கு பிளாக் பண்றவன் நறுக்கி எறிஞ்சிடுவான்டி. உள்ள எழுது." எழுதினேன். அதுவும் போதாதென்று அன்றே ஒப்பந்தம் டைப் அடித்தாய். படம் இலவசம், ஆனால் அந்தப் படம் அச்சாகிற காலம் முழுக்க வரைந்தவள் பெயரை எடுக்கக் கூடாது. "தம்பிக்கு வேல கெடைக்காம பூடும்டி, வேணாம்" என்று கெஞ்சினேன். "பயந்துக்கினே வா. வராம மட்டும் இருக்காத" என்று இழுத்துக்கொண்டு போனாய்.

மேனேஜர் நிதானமாகப் படித்தார்.

"இன்னாம்மா இது, சும்மா போட்ட படத்துக்கு அக்ரிமெண்டா?"

"சும்மா போட்டதாலதான் சார். டப்பு வாங்கியிருந்தா ரசீதாவது இருக்கும். இவ வரைஞ்சதுக்கு வேற இன்னா சாட்சி?"

அவர் என் பக்கம் திரும்பினார். "உன் தம்பி மனு கூட இங்க இருக்குல்ல?"

மேசைக்கு அடியில் நீ என் விரல்களைப் பிடித்திருந்தாய். உன் கையும் சில்லிட்டிருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். "இருக்கு சார். இதுலயும் கையெழுத்துப் போடுங்க" என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

போட்டார். டப்பா என் பெயரோடு வந்தது. தம்பிக்கு மட்டும் வேலை உத்தரவு வரவில்லை. அந்தக் காகிதத்தாலா என்று இன்றுவரை தெரியாது. அவனோ ஒரு டப்பாவை வாங்கிக்கொண்டு, "எங்க அக்கா போட்டது" என்று பக்கத்து ஆரணிக் கடைத்தெரு முழுக்கக் காட்டினான். அன்று நான் அழுதது உனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு யாருக்கும் நான் படம் போடவில்லை. இப்போது அதே பேட்டையில் தம்பி வேலை செய்கிற வேறொரு கம்பெனி காலண்டருக்குப் படம் கேட்டிருக்கிறது. இதுவும் இலவசம்தான். சற்றுமுன் உள்ளே போய், பெயர் போடுவதாக எழுதித் தரச் சொன்னேன். முதல்முறையாகத் தனியாக. முதலாளி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வெளிய உக்காரும்மா" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்து உனக்கு இதை எழுதுகிறேன். நீ சொன்ன மாதிரி பயந்துகொண்டேதான் வந்திருக்கிறேன். கேட் திறந்துதான் இருக்கிறது. நான் எழுந்து போகவில்லை.