மாமா பெயரில் எடுத்த அட்டை

ஜனவரி 1, வியாழன்

மலைப்பக்கம் முழுக்கப் பனி. காலை ஆராதனைக்குப் போகும்போது சைக்கிள் கைப்பிடி ஜில்லென்று. கோவிலில் வாக்குத்தத்த அட்டைத் தட்டு வந்தது. ஆளுக்கு ஒன்று, பார்க்காமல் எடுக்க வேண்டும். அதில் அச்சடித்திருக்கும் வசனம்தான் அந்த வருடம் முழுக்க நமக்கு. ஊரில் இல்லாதவருக்கு உடன்பிறந்தவர் எடுக்கலாம்.

அம்மா தானியேல் மாமாவுக்கு ஒன்று எடுத்தாள். நீல அட்டை. படிக்காமலே இரண்டாக மடித்து, மேலே ‘தானியேல்’ என்று எழுதினாள். எங்கள் வீட்டு வழக்கம்: யார் பெயரில் எடுத்ததோ அவர்தான் முதலில் படிக்க வேண்டும். வேறு கண் பட்டால் பலிக்காது. அப்படியெல்லாம் இல்லை என்று போதகர் ஐயா ஒவ்வொரு வருடமும் சொல்கிறார். அம்மா ஒவ்வொரு வருடமும் தலையாட்டுகிறாள்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. இங்கே மில்லில் ஃபிட்டர். போன ஜூனில் ஏஜென்ட் மூலம் ரஷ்யாவுக்குப் போனார், ஸ்டோரில் ஹெல்பர் வேலை என்று. போன இடத்தில் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, புரியாத மொழியில் இருந்த தாளில் கையெழுத்து வாங்கி, ரஷ்யப் பட்டாளச் சட்டை மாட்டிவிட்டார்கள். இப்போது உக்ரைனுக்குள் எங்கோ பதுங்குகுழி வெட்டுகிறார். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாயிற்று. டெல்லிக்கும் அனுப்பியாயிற்று.

கிறிஸ்துமஸுக்குப் போனில் வந்த அவர் குரல்பதிவை இன்று மறுபடி கேட்டோம்.

“அக்கா, நல்லாத்தான் இருக்கேன். குளிருதான் எலும்பத் திங்குது. இங்க காயத்துல கட்டத் துணி கெடையாது, கிழிஞ்ச பனியனத்தான் சுத்துதோம். ஒங்க பேண்டேஜ் கம்பெனித் துணி ஒரு பண்டல் இருந்தா இங்கன இருக்க அம்புட்டுப் பேரும் ஒன்னயக் கையெடுத்துக் கும்புடுவாங்க. ஏட்டி பிரிசி, ஸ்கூல்ல இன்னும் நியூஸ் வாசிக்கியா? மூக்கால வாசிக்காத.”

கடைசியில் கேட்டது என்னைத்தான். பின்னால் யாரோ கத்துகிற சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

ஜனவரி 9, வெள்ளி

இயற்பியல் ரெக்கார்டு இன்னும் முடிக்கவில்லை. நூலகப் புத்தகம் புதுப்பிக்க வேண்டும். பச்சை கிளிப் தொலைந்தது.

அம்மா வேலை செய்யும் பேண்டேஜ் கம்பெனியில் பெரிய ஆர்டர். காயத்தில் வைக்கிற துணி, சதுரம் சதுரமாக மடித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். வெட்டிய ஓரம் உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் நூல் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். அம்மா தூக்கத்தில்கூடப் போர்வையை அப்படித்தான் மடிப்பாள்.

சாப்பிடும்போது அம்மா முகத்தில் பல நாள் கழித்து ஒரு வெளிச்சம்.

“சண்டை நடக்குற எடத்துக்குப் போற சரக்காம். சூப்பர்வைசர் அண்ணாச்சி சொன்னாரு. ஒதவியா அனுப்புதாங்களாம்.”

“எந்தப் பக்கத்துக்கும்மா?”

“என்னட்டி எந்தப் பக்கம்? சண்டை ஒரு எடத்துலதான நடக்கு?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

ஜனவரி 10, சனி

விடுமுறை. அம்மா டிபன் பாக்ஸை மறந்துவிட்டாள், கம்பெனிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெள்ளைப் பெட்டிகள் கூரை வரைக்கும். டெட்டால் மாதிரி ஒரு வாசனை. அம்மா என்னைப் பெட்டிகளுக்குப் பின்னால் இழுத்துப்போய்க் காதில் சொன்னாள்.

“நேத்து ஒரு பெட்டியில அட்டைய வச்சுட்டேன். மேல் மடிப்புக்கு அடியில. அவனுக்குப் போய்ச் சேந்தாச் சேரும். இல்லாட்டியும் அவன் பக்கத்துல போய்க் கெடக்கும்லா.”

பெட்டிகளில் ஆங்கிலத்தில் அச்சு. போலந்து நாட்டுத் துறைமுகம். உக்ரைனுக்கு வெளிநாடுகள் கொடுக்கும் உதவி பெரும்பாலும் போலந்து வழியாகத்தான் போகிறது. மருந்து, ஜெனரேட்டர், பீரங்கிக் குண்டு எல்லாமே. இதை நானே அசெம்பிளியில் வாசித்திருக்கிறேன்.

மாமா இருப்பது எதிர்ப்பக்கம்.

சொல்ல வாயெடுத்தேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படியே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 22, வியாழன்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். பதினொன்றாம் வகுப்பு சார்பாக இன்று செய்தி வாசிப்பு என் முறை. நாளிதழில் இருந்து எடுத்த இரண்டாவது செய்தி: உக்ரைனுக்கு இன்னும் தூரம் பாயும் ராக்கெட்டுகளைக் கொடுக்க நட்பு நாடுகள் சம்மதம்.

மூக்கால் வாசிக்கவில்லை. ‘சம்மதம்’ என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் இந்தப் போரைப் பற்றிப் பேச்சுப் போட்டியில் பேசி முதல் பரிசு வாங்கினேன். அடுத்தவன் வீட்டுக்குள் புகுந்தவன்தான் குற்றவாளி, புகுந்தவனைத் துரத்த ஆயுதம் கொடுப்பது நியாயம் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். மாமா முன்வரிசையில் உட்கார்ந்து விசில் அடித்தார்.

இன்றும் அதுதான் நியாயம் என்று தோன்றுகிறது. அந்த நியாயம் போய் விழுகிற குழிக்குள் மாமா இருக்கிறார்.

பத்தாம் வகுப்பு வரை எடுத்த சமூக அறிவியல் மிஸ்ஸிடம், எது சரி என்று கேட்டேன். சாக்பீஸை உருட்டிக்கொண்டே, “எனக்குத் தெரியலம்மா” என்றார்கள். மிஸ் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் என் வகுப்பு காவியா ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தாள். “ஏட்டி, ராத்திரி ஜெபத்துல நீ எந்தப் பக்கம் ஜெயிக்கணும்னு கேப்ப?”

“ரெண்டு பக்கமும் குண்டு தீந்துபோகணும்னு.”

“அது நல்லாருக்கே. நானும் ஆண்டாள்ட்ட அதையே கேக்கேன்.”

பிப்ரவரி 16, திங்கள்

லீவு போட்டேன். அம்மாவோடு பெரிய ஆஸ்பத்திரி. ரஷ்யாவில் சில உடல்களை அடையாளம் பார்க்கிறார்களாம், ரத்த சொந்தம் ஒருவர் டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும் என்று டெல்லியில் இருந்து போன் வந்திருந்தது. மாமாவுக்கு அம்மாவை விட்டால் யார்? கலியாணமும் ஆகவில்லை.

அம்மா வழி முழுக்க ஒரே பேச்சு. “பொருந்தலன்னுதான் வரும். எதுக்குக் கூப்புடுதாங்க? இல்லன்னு உறுதி பண்ணத்தான.”

ஊசி எடுத்த இடத்தில் நர்ஸ் ஒரு துண்டுத் துணியை வைத்து அழுத்தினார். அம்மா அதைத் திருப்பிப் பார்த்தாள். “நூலு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கே. யாரு மடிச்சது இத?”

“யக்கா, நீங்க மடிச்சதாக்கூட இருக்கும்” என்றார் நர்ஸ்.

“நா மடிச்சா இப்படி இருக்காது.” சிரித்தாள். பஸ் ஸ்டாண்டில் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தாள், தான் குடிக்கவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

வெயில் ஆரம்பம். குழாயில் தண்ணீர் வரவில்லை. வேதியியல் ரிவிஷன் மோசம்.

வாட்ஸ்அப்பில் மாமா எண்ணுக்கு ஒற்றை டிக்தான், எதுவும் போய்ச் சேரவில்லை. தினமும் ஒரு செய்தி அனுப்புகிறேன். இன்று: ‘மாமா, செண்பகத்தோப்புல காட்டுனீங்களே சாம்பல் அணில், அதப் பத்தி எங்க விலங்கியல் புக்ல ஒரு வரி இருக்கு.’

ஒற்றை டிக்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை கோவிலில் சாட்சி சொன்னாளாம்: “எந் தம்பி கேட்ட துணி இந்நேரம் போய்ச் சேந்திருக்கும்.” எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்களாம். நல்லவேளை, நான் அப்போது ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 8, புதன்

பொருந்திவிட்டது.

மதியம் அப்பா போனுக்குத்தான் வந்தது. அப்பா “சரிங்க சார், சரிங்க சார்” என்று மட்டும் சொன்னார். அம்மா அடுப்பில் இருந்த குழம்பை இறக்கினாள். மூடினாள். மூடியைத் திறந்தாள். மறுபடி மூடினாள்.

எப்போது என்று கேட்டதற்கு ஜனவரி என்றார்களாம். தேதி தெரியாதாம். ஒரு ராக்கெட் விழுந்த இடமாம்.

ஜனவரி. அப்படியென்றால் நான் அனுப்பியதில் பாதிக்கு மேல் யாருக்கு அனுப்பினேன்? நான் மைக்கில் வாசித்த அன்று இருந்தாரா?

உடல் வர நாளாகும். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள்.

ஏப்ரல் 11, சனி

வீட்டில் துக்க ஜெபக்கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலி போதவில்லை. யாரோ ஒரு பெரியம்மா, “ஆசப்பட்டுப் போனான், என்னத்தக் கண்டான்” என்றார்கள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அம்மா ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். “கடேசில அவனுக்கு நல்ல துணி கெடச்சிருக்கும். எங் கைபட்ட துணி.”

துணி ஏறிய கப்பல் போலந்துக்குப் போய்ச் சேரும் முன்பே மாமா இல்லை. அந்தத் துணி போனது அவர் பக்கத்துக்கும் இல்லை. அங்கே இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான். காபி டம்ளர் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

அனல். பரீட்சை முடிந்துவிட்டது, எப்படி எழுதினேன் என்று ஞாபகம் இல்லை.

சாயங்காலம் சூப்பர்வைசர் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

“எஸ்தரக்கா, இந்த நேரத்துல வாரது தப்புதான். சரக்கு வாங்குன பார்ட்டிகிட்ட இருந்து மெயில். உக்ரைன்ல ஒரு ஆஸ்பத்திரி. பெட்டியில ஒரு காகிதம் இருந்துச்சாம், என்னன்னு கேக்காங்க. பாத்தா ஒங்க கையெழுத்து மாதிரி இருக்கு.”

போனில் இரண்டு படம். ஒன்றில் ‘தானியேல்’. இன்னொன்றில் அட்டை விரித்தபடி ஒரு ஸ்டீல் மேசை மேல், பக்கத்தில் கையுறை போட்ட யாரோ ஒருவரின் விரல். எழுத்து பொடிப்பொடியாக. பெரிதாக்கினால் படிக்கலாம். பெரிதாக்கவில்லை.

அம்மா நிமிர்ந்தாள். “உக்ரைன்லயா? அப்ப அவன் இருந்த பக்கந்தான?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

“அந்தப் பக்கம் இல்லம்மா. எதிர்ப்பக்கம்” என்றேன்.

“ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“பெட்டி எதுவுமே அவனுக்குப் போகலையா? ஒண்ணுகூடவா?”

இல்லை என்று தலையாட்டினேன். அம்மா என்னைத் திட்டவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சேலை முந்தானையை எடுத்து மடித்தாள், ஓரத்தை உள்ளே விட்டு, மறுபடி மடித்தாள், கைக்குட்டை அளவுக்கு ஆகும் வரை.

அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்: “பாப்பா, நீதான் நல்லா இங்கிலீஷ் எழுதுவ. தவறி விழுந்துருச்சுன்னு ஒரு வரி போட்ரு. ஒரு பிரச்சினையும் வராம நான் பாத்துக்கிடுதேன்.”

“தவறி விழல” என்றாள் அம்மா. “எந் தம்பிக்கு வச்சதுன்னு எழுது. ஆளு இப்ப இல்ல, அட்டைய வச்சுக்கிடட்டும்னு எழுது.”

எழுதினேன். ஆங்கிலத்தில் மூன்றே வரி. அனுப்பப்போகும்போது அம்மா என் கையைப் பிடித்தாள்.

“அவங்க பிரிச்சிட்டாங்களே. படிச்சிருப்பாங்களோ?”

“அவங்களுக்குத் தமிழ் தெரியாதும்மா.”

“நீ?”

“படிக்கல.”

“அப்ப இன்னும் யாரும் படிக்கல” என்றாள்.