விருந்தாளிகளுக்குத் தனி மேசை

மசாக்கா,
அக்டோபர் 19

அன்பு மகள் நபுக்கீராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் எசெஸா அத்தையும் சுகம். என் முழங்காலும் அவளுடைய ரத்த அழுத்தமும் போன மாதம் இருந்தபடியே இருக்கின்றன, அதையும் சுகம் என்றே கணக்கில் வைத்துக்கொள்கிறோம். பெர்கனில் நீயும் எய்ரிக்கும் அவன் அம்மா அப்பாவும் அந்த ஓயாத மழையில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு வரும் எய்ரிக் வீட்டார் என்ன சாப்பிடலாம், என்ன குடிக்கலாம், எங்கே போகலாம் என்று எழுதி அனுப்புங்கள், அவர்கள் மொழியில் மாற்றி எல்லோருக்கும் கொடுக்கிறேன் என்று கேட்டிருந்தாய். வரிசை போட்டுக்கொள்ளாவிட்டால் எனக்கு ஏதாவது விட்டுப்போகும், ஆகவே:

1. சாப்பாடு.
2. சாப்பாட்டு மேசை.
3. குடிக்கத் தகுந்தவை.
4. பார்க்கும் இடங்கள்.
5. செஃபனியா பெரியவரின் கோபம். இது தீராவிட்டால் மேலே உள்ள நான்கும் வீண்.

ஐந்தாவதைத்தான் முதலில் எழுத வேண்டும். நீ பதறக்கூடாது என்று கீழே தள்ளினேன், ஆனால் மறைத்துவைத்து எழுதவும் எனக்கு வராது. எய்ரிக்குக் குலம் இல்லை, குலம் இல்லாதவனை அறிமுகச் சடங்கில் மாப்பிள்ளை என்று நிறுத்த முடியாது என்பதால் போன வருஷம் செஃபனியா பெரியவர் அவனைத் தன் வெட்டுக்கிளிக் குலத்துப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார் அல்லவா, அந்தப் பெரியவர் இப்போது வரமாட்டேன் என்கிறார். அவர் வராவிட்டால் மாப்பிள்ளை பக்கம் எழுந்து பேச ஆள் கிடையாது, நாம் பெண்ணை யார் கையில் கொடுப்பது? மரியாதைக்காக என் பட்டியலின் முதல் பிரதியை அவருக்குத்தான் அனுப்பினேன். படித்துவிட்டு உன் அத்தையைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்க அண்ணன் எழுதினதைப் பாத்தேன். மாப்பிள்ளை பக்கத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் பட்டியலை எடுத்துத் திரும்பப் படித்தேன். முதல் வரியிலேயே, நவம்பரில் வெட்டுக்கிளி கூட்டமாக வரும், பேருந்து நிலையத்தில் சுடச்சுட வறுத்துக் கொடுப்பார்கள், விருந்தாளிகள் தவறவிடக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். குலச்சின்னத்தைத் தின்னக் கூடாது, காளான் நம் குலச்சின்னம் என்பதற்காகக் காளான் குழம்பைப் பட்டியலில் சேர்க்காமல் அவ்வளவு கவனமாக இருந்தவன், சம்பந்தி குலத்தின் சின்னத்தையே வறுத்துத் தின்னச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளின் விடைத்தாள்களை அத்தனை வருஷம் திருத்திய கண்ணுக்கு இது தெரியவில்லை. களைப்பாக இருக்கிறது அம்மா. சரி, வரிசைக்கு வருகிறேன்.

சாப்பாட்டுப் பட்டியலிலிருந்து வெட்டுக்கிளியை அடித்துவிட்டேன். வாழையிலையில் கட்டி அவித்த கோழிக்கறியும் நிலக்கடலைக் குழம்பும் மசித்த வாழைக்காயும் விருந்தன்று இருக்கும். மற்ற நாட்களில் கடைத்தெருவில் முட்டையைப் போட்டுச் சுருட்டிய சப்பாத்தி வாங்கித் தின்னலாம், கல்லிலிருந்து எடுத்த உடனே தின்றால் வயிற்றுக்குக் கெடுதல் இல்லை. ஏரி மீனை முழுசாகப் பொரித்துத் தருவார்கள், முள் இருக்கும் என்று குழந்தைகள் உள்ளவர்களிடம் சொல்லிவிடு.

மேசை விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. எய்ரிக் வீட்டாருக்குப் பந்தலின் ஓரத்தில் தனி மேசை, நாற்காலி, முள்கரண்டி, வறுத்த உருளைக்கிழங்கு, காரமில்லாத கோழி. நான் மேல்படிப்புக்கு இங்கிலாந்தில் இருந்தபோது வீட்டுக்கார அம்மாள் ஞாயிற்றுக்கிழமை தோறும் வேகவைத்த கோஸை என் தட்டில் குவித்துவிட்டு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லாமல் விழுங்கியிருக்கிறேன். அந்தச் சங்கடம் நம் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வரக்கூடாது. எல்லோரும் பாயில் உட்கார்ந்து இலையிலிருந்து கையால் எடுத்துச் சாப்பிடும்போது, அவர்கள் பார்க்கப்படாமல் சாப்பிடட்டும்.

குடிப்பதில், பாலும் இஞ்சியும் போட்டுக் கொதிக்கவைத்த தேநீர் எந்த நேரமும் நல்லது. புதிதாகப் பிழிந்த வாழைப்பழச் சாறு இனிப்பாக இருக்கும், யாரும் குடிக்கலாம். அதையே புளிக்கவைத்ததுதான் டொண்டோ, சுரைக்குடுக்கையில் தருவார்கள், அதை ஒரு வாய் மட்டும் என்று சொல். உன் மாமாக்கள் ஒரு வாயோடு விடமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை. தண்ணீர் புட்டியில் மட்டும்.

பார்ப்பதற்குப் பூமத்திய ரேகைக் கல் இருக்கிறது, கம்பாலா சாலையில் வரும்போதே இறங்கிக்கொள்ளலாம். அங்கே ஒருவன் கோட்டுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் ஒரு விதமாகச் சுழலும், அந்தப் பக்கம் வேறு விதமாகச் சுழலும் என்று தொட்டியில் ஊற்றிக் காட்டுவான். அது உண்மையில்லை, ஊற்றுகிற கையின் சாமர்த்தியம். பூகோள வாத்தியாராகப் பல தடவை அவனிடம் சொல்லலாம் என்று போய்ச் சொல்லாமலே திரும்பியிருக்கிறேன். விருந்தாளிகளிடமும் சொல்லாதே, சந்தோஷப்பட்டுவிட்டுப் போகட்டும். நபுகாபோ ஏரிக்கரைக்கு ஒரு பகல் போகலாம், குரங்குகள் தின்பண்டத்தைப் பறிக்கும், பையை மூடிவைக்க வேண்டும். சதுப்பில் கொண்டைக் கொக்குகளைக் காலையில் பார்க்கலாம். தீவுகளுக்குப் படகில் போக ஆசைப்படுவார்கள், கல்யாணத்துக்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம். காற்று அடித்தால் படகு வராது, மாப்பிள்ளை வீட்டார் அக்கரையிலும் மாப்பிள்ளை இக்கரையிலுமாக நிற்க வேண்டியிருக்கும்.

இதுவரை காலையில் எழுதியது. இப்போது சாயங்காலம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உன் அத்தை வந்தாள், செஃபனியா வீட்டுக்கு இப்போதே போக வேண்டும் என்றாள். சடங்குக்கு முன்னால் பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வீட்டார் வாசலை மிதிப்பது முறையில்லையே என்றேன். "முறையைத்தான் நீ ஏற்கெனவே வறுத்து வச்சிருக்கியே அண்ணா, கிளம்பு" என்றாள். இரண்டு வாடகை மோட்டார் சைக்கிளில் போனோம். என்னுடைய ஓட்டுநரிடம் மெதுவாகப் போகச் சொன்னேன், அவன் கேட்கவில்லை. பெரியவர் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த காப்பிக்கொட்டையைப் பலகையால் கிளறிக்கொண்டிருந்தார். அத்தை மண்டியிட்டு வணக்கம் சொன்னாள். அவளுக்குப் பதில் சொன்னார். என்னைப் பார்த்து, "என்ன வாத்தியாரே, பள்ளிக்கூடம் லீவா?" என்றார், கிளறுவதை நிறுத்தவில்லை. வழி நெடுக மனதில் அடுக்கிவைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன், முதலாவதாக என்றேன். "முதலாவது ரெண்டாவதுன்னு ஆரம்பிக்காதீங்க, எனக்கு மதியச் சாப்பாடு சாப்பிட்ட கண்ணு, சொக்கிடும்" என்றார். வெட்டுக்கிளியை மறந்தது பெரிய பிழை என்று மட்டும் சொன்னேன்.

அவர் பலகையைக் கீழே வைத்தார். "வெட்டுக்கிளியா? அதுக்கு நானும் என் வீட்டுக்காரியும் அன்னைக்கே வயிறு வலிக்கச் சிரிச்சாச்சு. வயசானா மறக்கும், நானும் மறக்கறேன். அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கீங்க? எடுத்துப் படிங்க" என்றார். சட்டைப்பையிலிருந்து எடுத்துப் படித்தேன். தனி மேசை, நாற்காலி, முள்கரண்டி, பந்தலின் ஓரம். படிக்கும்போது என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. "போன வருஷம் அந்தப் பையன் இந்த முற்றத்துல, பாயில உக்காந்து, என் வீட்டுக்காரி கையால ரெண்டு தரம் கேட்டு வாங்கித் தின்னான். கையெல்லாம் குழம்பு, மூக்குலகூடக் குழம்பு. பஸ் நிலையத்துல ஒருத்தி வெட்டுக்கிளிப் பொட்டலத்தை நீட்டினா, எங்க குலத்துக்கு ஆகாதுன்னு நம்ம பேச்சுலயே சொன்னான், அவ சிரிச்ச சிரிப்புல பாதிப் பொட்டலம் கீழ கொட்டிருச்சு. அவன் என் பிள்ளை. அவனைப் பெத்தவளை ஓரமா உக்கார வச்சு உருளைக்கிழங்கு போடறதுக்கு நான் எதுக்கு வரணும்? அவங்களுக்கு என்ன சிரங்கா?" என்றார்.

இங்கிலாந்து கோஸைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அத்தைதான் பேசினாள். "எங்க அண்ணன் செஞ்சது தப்புதான் ஐயா. பயந்து பயந்து நல்லது செய்யப் போவாரு, இப்படித்தான் முடியும். ஆனா நீங்க கோவிச்சுக்கிட்டு வீட்லயே இருந்துட்டா, அந்தப் பையன் அன்னைக்கு யாரோட பாயில உக்காருவான்? அண்ணன் போட்டது ஓரத்துல ஒரு மேசை. நீங்க போடறது அவனுக்கு நடுவுல ஒத்தை நாற்காலி" என்றாள். பெரியவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார், அவர் மனைவி கூடையில் அவித்துக் காயவைத்த காப்பிக்கொட்டை கொண்டுவந்தாள். அவர் இரண்டை எடுத்து ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மற்றதை என்னிடம் நீட்டினார். பங்கிட்டு மென்றால் கோபம் தீர்ந்தது என்று அர்த்தம், மென்றேன். கசப்பு போகாமல் இன்னும் நாக்கில் இருக்கிறது, ஆனால் அவர் வருகிறார் நபுக்கீரா, தன் குலத்து ஆட்களோடு வருகிறார். ஒரே ஒரு நிபந்தனை. சாப்பாட்டுக்கு உட்காரும் முன் நான் எழுந்து நின்று, இவர்கள் எங்களோடு ஒரே பாயில் சாப்பிடுகிறார்கள் என்று சபையில் சொல்ல வேண்டும். வகுப்பில் பிள்ளைகள் முன்னால் பேசியிருக்கிறேன், சம்பந்திகள் முன்னால் பேசியதில்லை. இரண்டு வாக்கியம்தான், இன்றே எழுதிவைத்துவிட்டேன், மூன்று தடவை அடித்துத் திருத்தியும் விட்டேன்.

ஆகவே எய்ரிக்கின் அம்மாவிடம் சொல், பாயில் உட்கார வசதியான பாவாடையாகக் கொண்டுவரட்டும். முழங்கால் மடங்காதவர்கள் இருந்தால் என் பக்கத்தில் உட்காரலாம், எனக்கும் மடங்காது, இருவருமாகக் காலை நீட்டிக்கொள்ளலாம். யாருக்காவது ஏதாவது பிடிக்கவில்லை என்றால் அவர்களே சொல்லட்டும். நான் மிகவும் களைத்திருக்கிறேன், எழுத்து கோணலாகப் போவது உனக்கே தெரியும். நீ புறப்படுமுன் உன் தடுப்பூசிச் சான்றிதழை மறக்காமல் கைப்பையில் வை, பெரிய பெட்டியில் வைக்காதே. எய்ரிக்குக்கு என் அன்பைச் சொல். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த வீட்டோடும் இருக்க வேண்டும் என்று கடவுளை வேண்டும்,

உன் அப்பா
எரிசா

முதல், மூன்றாவது, நான்காவது குறிப்புகளை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்துவிடு. இரண்டாவதைக் கொடுக்காதே. சந்தேகமே இல்லை என்று நான் எழுதியது அது ஒன்றைத்தான், அதுதான் தவறு.